யாருடைய விளக்கு?

சிலப்பதிகாரம் படித்தவர்கள் கடலாடு காதையில் வரும் விளக்குகளை எளிதில் மறக்கமாட்டார்கள். கோவலனும் மாதவியும் இருள் பிரியாத வைகறையில் புகார்க் கடற்கரைக்குச் செல்கிறார்கள். கரையெங்கும் விளக்குகள். நம்மைப் போன்றவர்கள் எழுதியிருந்தால், விண்மீன்கள் மண்ணில் இறங்கிவந்தன என்று ஓர் உவமையைச் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்திருப்போம். இளங்கோவடிகள் அவ்வாறு செய்யவில்லை. சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, மரக்கலங்களுக்குத் துறை காட்டும் விளக்கு, வலைஞர் படகு விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, பண்டம் காப்போர் விளக்கு என்று ஒவ்வொன்றையும் அது இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே செல்கிறார்.

பி.ஏ. வகுப்பில் தேர்வுக்காக இப்பகுதியை உருப்போட்டபோது இது எனக்கு ஒரு நீண்ட பட்டியலாகவே தோன்றியது. அதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருப்பது, நாற்பத்தேழாம் வயதில், காசியில், கங்கையின் நடுவே ஒரு மோட்டார்ப் படகில் அமர்ந்திருந்த மாலையில்தான் எனக்குப் பட்டது.

மத்திய அரசு எழுத்தன் ஒருவன் காசி வரையில் செல்வதற்கு வழி ஒன்றுதான். நான்காண்டுத் தொகுதியில் ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் சென்றுவர அரசு தரும் விடுப்புப் பயணச் சலுகையே அது. 2023 டிசம்பரில் தாயார், மனைவி, மகன் ஆகியோருடன் சங்கமித்ரா விரைவு வண்டியில் ஏறினேன். இரண்டு இரவுகள் இரயிலில் கழிந்தன. 2018 முதல் வேறு பெயர் தாங்கி நிற்கும் பழைய முகல்சராயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பாலத்தைக் கடந்தோம். 1887இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் மீதிருந்து பார்த்தால் நகரம் ஒரு பிறையைப் போல ஆற்றோரம் வளைந்து கிடப்பது தெரியும். பனிமூட்டத்தில் அன்று பாதிப் பிறைதான் தெரிந்தது.

காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. நகரம் முழுவதும் மேற்குக் கரையில். கிழக்குக் கரை வெறும் மணல்வெளி. ஆகவே மாலைக் கதிரவன் நகரத்தின் முதுகுக்குப் பின்னால் சென்று மறைகிறான். படித்துறைகளின் மீது முதலில் நிழல் இறங்குகிறது. பிறகு ஒவ்வொன்றாக விளக்குகள் ஏற்றப்படுகின்றன. இந்த நேரத்திற்காகவே மாலைப் படகுகள் காத்திருக்கின்றன. கையால் துடுப்புப் போடும் சிறு படகு முதல், 2018இல் ஓடத் தொடங்கிய 'அலக்நந்தா' போன்ற அடுக்குக் கப்பல் வரை பல தரம், பணத்துக்கேற்ற இருக்கை. நாங்கள் ஏறியது பன்னிரண்டு பேர் அமரும் மோட்டார்ப் படகு. படகோட்டி ஓர் இளைஞர். அலுவலகத்தில் பிராக்ஞ தேர்வில் தேறி அதற்கான ஊக்கத்தொகையும் பெற்றவன் நான். எனினும் அவ்விளைஞர் பேசிய இந்தியில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. அந்தத் தொகையைத் திருப்பித் தந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அசித் துறையிலிருந்து நீரோட்டத்தோடு வடக்கே சென்றோம். எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள். அவற்றுள் தமிழர்களுக்கு உரிமையான இடங்கள் உண்டு. அனுமன் துறையருகே 1898 முதல் சில ஆண்டுகள் தம் அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஓர் இளைஞர் பின்னாளில் மகாகவியானார். கேதார் துறையை ஒட்டி, பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் கண்ட மடம் நிற்கிறது. 1863 முதல் நகரத்தார் சத்திரம் நடைபெறுகிறது. இவற்றையெல்லாம் மகனுக்குச் சுட்டிக்காட்டியபோது, எழுத்தன் என்னும் நிலை மறந்து, ஏதோ ஒரு பெரிய சொத்தின் வாரிசைப் போல நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

இடையில் அரிச்சந்திரன் பெயரால் வழங்கும் சுடலைத் துறை ஒன்று வந்தது. மன்னனாயிருந்தவன் சுடலை காத்து, இறந்த மகனைச் சுமந்துவந்த மனைவியிடமே கூலி கேட்டு நின்ற கதை எல்லார்க்கும் தெரியும். அங்கே சற்றே புகை, கடந்துவிட்டோம். தசாசுவமேதத் துறையில் ஆரத்திக்காகக் கூட்டம் கூடத் தொடங்கியிருந்தது. மானசிங்கின் மாளிகையைத் தாண்டியதும் மணிகர்ணிகை.

அங்கே விறகு மாடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. விறகேற்றிய படகுகள் கரையோரம் நிற்கின்றன. புகைபடிந்து கறுத்த கட்டடங்கள். அன்று மாலை படிகளிலும் நீரோரச் சேற்றிலுமாக ஒன்பது சிதைகள் எரிந்தன. என் மகன் எண்ணிச் சொன்னான். படகோட்டி பொறியின் வேகத்தைக் குறைத்தார். எங்களைச் சுற்றிலும் ஏழெட்டுப் படகுகள் அவ்வாறே நின்றன. ஒவ்வொரு படகிலிருந்தும் கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. சிதைகளைப் படம் எடுக்கலாகாது என்பது அங்கே எல்லாரும் சொல்லும் விதி. ஆயினும் நீரின் மேல் யார் வந்து தடுப்பார்? நானும் எடுத்தேன்.

"அந்தப் போன உள்ள வைடா கண்ணு" என்றார் என் தாயார்.

குரலில் கோபம் இல்லை. குனிந்து தம் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். எழுந்திருக்க முயன்றார். படகோட்டி பதறி, எழக்கூடாது என்று சைகை காட்டவே, உட்கார்ந்து கைகூப்பினார். ஆனால் கண்ணை மட்டும் எடுக்கவில்லை. படகிலிருந்த பன்னிரண்டு பேரில், அவரைப் போல அந்த நெருப்பை உற்றுப் பார்த்தவர் வேறொருவர் இல்லை. படகு திரும்பியபோதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் மகனுக்குப் பதினாறு வயது. "நாம பாத்தா தப்பு, பாட்டி பாக்கலாமாப்பா?" என்று என் காதருகே கேட்டான். நான் ஆரத்தியைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடித்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஆஸ்டின் டவுனில் தெருக்கள் குறுகல். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிவந்த என் பாட்டனார் காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கத்தைக் கண்டுவருகிறேன். தெருவில் சவ ஊர்வலம் வந்தால் தேநீர்க்கடைப் பெஞ்சில் இருப்பவர் எழுந்து நிற்பர். கடைக்காரர் கதவைப் பாதி இறக்குவார். சைக்கிளில் வருபவர் இறங்கிவிடுவார். பறையோடு வரும் பாடையானாலும், தேவாலயத்துக்குச் செல்லும் பேழையானாலும், தோள்மாற்றித் தூக்கிச்செல்லும் சனாசாவானாலும் இதில் வேறுபாடு கிடையாது. இறந்தவர் யாரென்று பலருக்குத் தெரிந்திராது. நின்றவர்கள் பார்க்காமலும் இருப்பதில்லை, நன்றாகவே பார்க்கிறார்கள். யாருடைய பிள்ளை கொள்ளிச்சட்டி ஏந்துகிறான், மகள் வந்து சேர்ந்தாளா என்று கவனிக்கிறார்கள். இதையும் வேடிக்கை பார்த்தல் என்று சொல்லலாம். ஆனால் எழுந்து நின்று பார்க்கும் வேடிக்கை.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், இரவோடிரவாகப் பேருந்து ஏறி ஓடுகிறோம். போய் என்ன செய்யப் போகிறோம்? உயிரை மீட்க முடியாது. ஆயினும், 'பெங்களூர்ப் பிள்ளை வரட்டும்' என்று எடுக்காமல் வைத்திருப்பார்கள். திரும்பி வந்ததும் அண்டை வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "முகம் பாத்தியா?" என்பதுதான். பார்த்தேன் என்றால் அவர்களுக்கும் ஆறுதல். பார்க்கவில்லை என்றால் அதற்கு மேல் பேச்சு ஓடாது. நம் வழக்கில் பார்த்தல் என்பது கண் பெறும் இன்பம் மட்டுமன்று. பார்க்கப்படுபவர்க்கு நாம் செலுத்தும் ஒன்று.

என் தந்தையாரின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், மருத்துவமனையில் இறந்தார். நானும் நோய்ப்பட்டு வீட்டு அறைக்குள் அடைபட்டிருந்தேன். தாயாரை யாரும் அழைத்துச்செல்ல முன்வரவில்லை; விதியும் இடம் தரவில்லை. நகரத்து மின்மயானங்களில் வரிசை நீண்டதால், அந்நாட்களில் ஊருக்கு வெளியே தாவரகெரேயிலும், கல் உடைத்த பள்ளமாகக் கிடந்த கிட்டேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதையடுக்கி எரித்தார்கள். அவற்றுள் ஒன்றில் அவர் எரிந்தார். தீ வைத்தவர்கள் முன்பின் அறியாத இளைஞர்கள். வேற்று மதத்தினரும் அவர்களுள் இருந்தனர் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு கலயத்தில் சாம்பல் வந்தது. அதைச் சீரங்கப்பட்டணத்தில் காவிரியில் கரைத்தோம்.

அந்த வாரங்களில் நாட்டின் பல நகரங்களில் வரிசையாக எரியும் சிதைகளை வானிலிருந்து பறக்கும் கருவி கொண்டு படம் பிடித்து உலகமெங்கும் வெளியிட்டார்கள். துயரத்தை விற்கிறார்கள் என்று அன்று சினந்தவர்கள் பலர். நானும் ஒருவன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்படங்கள் வெளிவராதிருந்தால், எண்ணிக்கைகள் மட்டுமே எஞ்சியிருக்கும். எண்ணிக்கையை வாசித்து எவரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

ஆகவே, 'பார்க்காமல் திரும்பிக்கொள்வதே மரியாதை' என்னும் எளிய விடையை நான் ஒப்பவில்லை. மறைத்துவைப்பது நாகரிகம் என்று நாம் பழகிவிட்டோம். மின்மயானத்தில் ஒரு கதவு திறக்கிறது, மூடுகிறது. வெளியே நாற்காலியில் காத்திருக்கிறோம். காசி அதை மறைக்கவில்லை. காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில் முதல் அறவுரை நிகழ்த்திய பெருமானின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். நகர்வலம் வந்த இளவரசனுக்கு முதுமையும் பிணியும் சாவும் கண்ணில் படக்கூடாது என்று தந்தை வீதிகளைத் துப்புரவாக்கினார். அதையும் மீறி இளவரசன் பிணத்தைக் கண்டான். தேரில் அமர்ந்து ஊர் பார்க்கப் புறப்பட்டவன்தான் அவனும். நம் படகுக்கும் அத்தேருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவன் தேரோட்டியிடம், இது எனக்கும் வருமா என்று கேட்டான். எங்கள் படகில் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு. சந்தனக் கட்டை என்ன விலை, ஒரு பிணம் எரிய எத்தனை மணி நேரம், ஆரத்திக்கு நல்ல இடம் கிடைக்குமா.

பாரிசு நகரத்தில் சேன் ஆற்றங்கரையில், புகழ்பெற்ற நோத்ரு தாம் தேவாலயத்தின் பின்புறம், 1864இல் ஒரு பிணவறை கட்டினார்கள். ஆற்றில் மிதந்தும் தெருவில் விழுந்தும் இறந்த அடையாளம் தெரியாதவர்களைக் கண்ணாடிக்குப் பின்னே கிடத்துவார்கள். உறவினர் வந்து அடையாளம் காட்டட்டும் என்பதே நோக்கம். ஆனால் ஊர் பார்க்க வந்தவர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் அங்கே திரண்டனர். பயணிகளுக்கான காட்சிகளுள் ஒன்றாகவே அது ஆகிவிட்டது. 1907இல்தான் பொதுமக்களுக்கு மூடினார்கள். அந்தக் கண்ணாடியின் முன்னால், காணாமற்போன மகனைத் தேடிவந்த தாயொருத்தியும், பொழுதுபோக்க வந்த இணையரும் தோளோடு தோள் உரசி நின்றிருப்பார்கள். இருவர் கண்ணிலும் விழுந்தது ஒரே காட்சி. சட்டம் இருவரையும் பிரித்தறிய முடியாமல் கடைசியில் இருவருக்குமே கதவை மூடியது.

எங்கள் படகிலும் அவ்விருவரும் இருந்தார்கள். என் தாயார் மணிகர்ணிகையில் பார்த்தது முன்பின் தெரியாதவரின் சிதையை அன்று என்பது எனக்குத் தாமதமாகவே விளங்கியது. தாம் பார்க்காமல் போன ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அந்த அயலாருக்கு உரியதைக் கொடுக்காமலும் விடவில்லை, செருப்பைக் கழற்றினாரே. நானோ விளக்கைப் பார்த்தேன். அது யாருடையது என்று கேட்கவில்லை. நெருப்பும் அதன் நீர்நிழலும் அழகாக இருந்தன. அழகாக இருந்தன என்று எழுதக் கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

படகோட்டியைக் குறைகூறுவதில் பொருளில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பரம்பரையாக அந்த ஆற்றையே நம்பி வாழ்பவர்கள். விறகு கொண்டுவருவதும் படகுதான், எங்களைக் கொண்டுவந்ததும் படகுதான். அவர் வேகத்தைக் குறைத்தது நாங்கள் விரும்புவோம் என்று அறிந்ததனால்.

மூன்றாம் நாள் காலை, கேதார் துறையில் தந்தையார்க்குப் பிண்டம் வைத்தோம். நல்ல குளிர். தமிழ் பேசும் புரோகிதர் ஒருவர் கிடைத்தார். தந்தையின் பெயரையும் பாட்டனார் பெயரையும் சொல்லச் சொன்னார். பெயரைச் சொன்னதும், இரண்டரை ஆண்டுகளாக வராத அழுகை எனக்கு வந்துவிட்டது. நோயில் கிடந்தபோது வரவில்லை, சீரங்கப்பட்டணத்திலும் வரவில்லை. இடுப்பளவு ஈரவேட்டியுடன் படியில் குந்தியிருந்து அழுதேன்.

அப்போது நீர்ப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "அதோ பாருங்க, பிண்டம் வெக்கிறாங்க. நம்ம ஊர்க்காரங்க மாதிரி இருக்கு." நல்ல தமிழ். தலையை உயர்த்தினேன். காலைச் சுற்றுக்குப் புறப்பட்ட படகொன்று பத்தடி தூரத்தில் மெல்லச் சென்றது. நாலைந்து கைப்பேசிகள் என்னை நோக்கியிருந்தன.

சினம் வந்தது என்று சொன்னால் பொய்யாகும். நான் செய்தது வேறு. தோள்துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். முதுகை நிமிர்த்தினேன். அழுகை நின்றுவிட்டது, பிறகு வரவும் இல்லை. நான் பார்க்கப்படுகிறேன் என்று அறிந்த அந்தக் கணத்திலேயே என் மனத்திலிருந்து தந்தையார் விலகிப்போய், அவ்விடத்தில் நானே வந்து உட்கார்ந்துகொண்டேன். பார்ப்பதனால் பார்க்கப்படுபவர்க்கு என்ன கெட்டுப்போகும் என்று வாதிடுவோர் உண்டு. என்ன கெட்டுப்போகும் என்பதை நான் அந்தப் படியில் கண்டேன். அவர்களும் கெட்டவர்களல்லர், பெரும்பாலும் நம் தெருக்காரர்களைப் போன்றவர்கள். ஊரில் பாடை சென்றால் எழுந்து நிற்பவர்களாகவும் இருக்கலாம். படகில் எழ முடியாது. ஆனால் தடை எழுவதற்கு மட்டுந்தானே இருந்தது.

ஊர் திரும்பிய பின் மணிகர்ணிகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிதையின் இடப்புறத்தில், தலை மழித்த ஒருவர் குந்தியிருக்கிறார். முப்பது வயது இருக்கலாம். நெருப்பைப் பார்க்கவில்லை. நேராகப் படகைப் பார்க்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயாரின் பெட்டியில் இருந்த கம்பளியை எடுக்கும்போது சேலைகளுக்கு அடியில் ஒரு நாளிதழ்த் தாள் மடித்துவைத்திருக்கக் கண்டேன். 2021 மே மாதத்தது. வானிலிருந்து எடுத்த படம். வரிசை வரிசையாகத் தீ. எந்த ஊர் என்று போட்டிருந்த பகுதி கிழிந்துபோயிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"அதுல ஒண்ணு அப்பாவா இருக்கலாம் இல்ல."

சிறிது நேரம் கழித்து, அப்படியானால் காசியில் நான் படமெடுத்ததை ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டேன். தாயார் துணி மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"இத எடுத்தவன் ஊரு உலகம் பாக்கணும்னு எடுத்தான். நீ யாருக்குடா எடுத்த?"

மறுநாள் அலுவலகத்தில் நண்பர்கள் காசிப் படங்களைக் காட்டச் சொன்னார்கள். பாலம், பிறைபோன்ற கரை, பாரதியார் இருந்த துறை, ஆரத்தி விளக்குகள் என ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் படம் வந்ததும் விரல் தானாகவே விரைந்தது. "அது என்ன சார்?" என்றார் அடுத்த மேசைக்காரர். இருட்டில் எடுத்தது, சரியாக விழவில்லை என்று சொன்னேன்.